முதலில் வந்தது யார்? ராஸ் மீன்களை ஒரே தொட்டியில் வளர்ப்பது பற்றி

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குள் கடல் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் கேட்பவர் முதலில் சிரிப்பார். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் லுமுட் பக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கார் ஓட்ட வேண்டிய ஊர் இது. சுற்றிலும் முன்பு கித்தாக் காடு, இப்போது செம்பனை. கடல் வாசம் என்று சொல்லிக்கொள்ள ஊர்ப் பெயரில் இருக்கும் 'சிப்புட்' ஒன்றுதான். மலாயில் நத்தைக்கு அந்தப் பெயர். அதுவும் ஆற்று நத்தையாகத்தான் இருக்கும்.

எங்கள் தாமானில் பின்வீட்டுத் தம்பி ஒருவன் 4 அடித் தொட்டி ஒன்று வாங்கினான். தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் பொறுமையாக இருந்தான். இரண்டு கிளவுன் மீன் விட்டான், கொஞ்சம் பவளம் வைத்தான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஈப்போவில் ஒரு மீன் கடைக்குப் போய்விட்டு வந்தான். அன்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியில் ஏழு படம் காட்டிவிட்டான். ஏழும் ராஸ். "அண்ணே, இதெல்லாம் ஒண்ணா விடலாமா?"

இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. அந்த ஏழில் எவற்றை விடுகிறோம், எதை முதலில் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, மூன்று மாதம் கழித்துத் தொட்டியில் ஐந்தாறு மீன் இருக்கும். அல்லது ஒன்றே ஒன்று இருக்கும். ஒன்றுதான் மிஞ்சும் என்றால் அது எது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தபோதே என்னால் சொல்ல முடிந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தொட்டியை ஓட்டத் தெரியும், உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் நிற்கிறது, அம்மோனியா பூஜ்யம் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ராஸ் என்பது ஒரு மீனின் பெயரல்ல, பெரிய குடும்பத்தின் பெயர். அறிவியலில் லாப்ரிடே என்பார்கள். 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. விரல் நீளத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் பாசம் (ஆங்கிலத்தில் possum) ராஸும் இந்தக் குடும்பம்தான், 2 மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் இந்தக் குடும்பம்தான். நெப்போலியனைச் சபாவில் மாமெங் என்பார்கள். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிடித்துப் பிடித்தே அரிதாகிவிட்டதால், 2004-இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். கிளி மீன்களும் இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம். இன்னும் முழுதாக எண்ணி முடியாத குடும்பம் இது. 2022-இல்கூட மாலத்தீவிலிருந்து ஒரு புது இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்த நாட்டுத் திவேகி மொழியில் ரோஜாவைக் குறிக்கும் 'ஃபினிஃபென்மா' என்ற சொல்லையே அதற்குச் சூட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், பெயர் வைப்பதற்கு முன்பே அந்த மீன் அலங்கார மீன் வியாபாரத்தில் விலைபோய்க்கொண்டிருந்தது.

ராஸை அடையாளம் காண எளிய வழி, நீந்தும் விதம். வாலை ஆட்டி நீந்தாது. பக்கத்துத் துடுப்புகளைப் படகு வலிப்பது போல அடித்துக்கொண்டு, கொஞ்சம் குதித்துக் குதித்துப் போகும். வாலை அவசரத்துக்குத்தான் எடுக்கும். பகல் முழுக்க ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பாறையைப் பார்க்கும், மணலைக் கொத்தும், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நம்மையும் ஒரு கண்ணால் எடை போடும். இருட்டியதும் ஆளே காணாமல் போய்விடும். வளர்க்கிறவர்களுக்கு இதன் மேல் பைத்தியம் பிடிப்பது நிறத்தால் மட்டுமல்ல, இந்தச் சுறுசுறுப்பாலும்தான்.

சண்டை எங்கிருந்து வருகிறது

நான் பிறந்தது தோட்ட லயத்தில். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். எங்கள் லயத்தில் நடந்த சண்டை எல்லாம் பக்கத்து வீட்டோடு நடந்ததுதான். மேட்டு லயத்துக்காரர்களோடு யாரும் வம்புக்குப் போனதில்லை. அவர்கள் குழாய் வேறு, துணி காயப்போடும் கொடி வேறு, கோழி மேயும் இடம் வேறு. மோதிக்கொள்ளக் காரணமே இல்லை.

ராஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதிதாக ஒரு மீன் வந்ததும், ஏற்கெனவே இருக்கிற மீன் மூன்று விஷயம் பார்க்கும். இவன் என்னைப் போலவே இருக்கிறானா? நான் தின்பதையே தின்கிறானா? நான் படுக்கிற இடத்தில் படுக்கப் போகிறானா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அடிதான். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அதனால் ராஸ்களைச் சேர்த்து வைக்க நினைப்பவர் அழகைப் பார்ப்பதற்கு முன்பு, அது தொட்டியின் எந்த அடுக்கில் வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். மேல் தண்ணீரில் நின்று, மிதந்து வரும் நுண்ணிரையைத் தின்பவை ஃபேரி ராஸ், ஃபிளாஷர் ராஸ். இவை இரவில் பாறை இடுக்கில் ஒதுங்கும்; பல வகைகள் தங்களைச் சுற்றிக் கோழைபோன்ற ஓர் உறையைச் சுரந்து அதற்குள் தூங்கும். காலையில் கிழிந்த பிளாஸ்டிக் பை மாதிரி அது தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அடித்தளத்தில் மணலைக் கொத்தித் தின்று, மணலுக்குள்ளேயே புதைந்து தூங்குபவை ஹாலிக்கோரஸ் வகைகளும் லெப்பர்ட் ராஸும். மஞ்சள் ராஸ் ஒரு ஹாலிக்கோரஸ். கடையில் அதை 'யெல்லோ கோரிஸ்' என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அது கோரிஸ் இல்லை. மூன்றாவது கூட்டம் பாறைக்குள்ளேயே வாழ்பவை. பாசம் ராஸ் அதில் சாதுவானது. சிக்ஸ்லைன் ராஸும் அதில்தான் சேரும்.

ஆளுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்து எடுத்தால் பாதிச் சண்டை வராமலே போய்விடும். ஒரு மஞ்சள் ராஸும் ஒரு ஃபேரி ராஸும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. ஒரே அடுக்கில் இரண்டு வேண்டுமென்றால் நிறமும் உருவமும் நன்றாக மாறுபடட்டும். சிவப்பு ஃபேரிக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு ஃபேரியை விட்டால், அவை வேறு வேறு இனமாகவே இருந்தாலும், கண்ணாடியில் தன்னையே பார்த்தது போல எகிறும்.

சிக்ஸ்லைன் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. 7, 8 செ.மீ. இருக்கும், ஊதா உடம்பில் ஆறு கோடு, பார்க்க அவ்வளவு அழகு. பவளத்தைக் கெடுக்கும் தட்டைப்புழுவைத் தின்னும், சிப்பியில் ஒட்டி உறிஞ்சும் குட்டி நத்தையைப் பொறுக்கும், விலையும் குறைவு. ஆகவே தொட்டி வைக்கிற எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மீனுக்குத் தொட்டியில் உள்ள மொத்தப் பாறையும் தன் வீடு. அதற்குப் பிறகு வருகிறவர் எல்லாரும் அத்துமீறி நுழைந்தவர்கள்.

என் முதல் தொட்டியில் நானும் அதே தப்பைத்தான் செய்தேன். சிக்ஸ்லைனை முதலில் விட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு ஆண் ஃபிளாஷர் ராஸ் வாங்கினேன், ஒரு வார ஓவர்டைம் காசு. கடைக்காரர், "ரெண்டும் ராஸ்தானே, ஒத்துப்போகும்" என்றார். நானும் தலையாட்டினேன். முதல் நாள் சிக்ஸ்லைன் அதை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் வால் கிழிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஃபிளாஷரைக் காணோம். தொட்டிக்குள் தேடி அலுத்துப் போனபோது அம்மா குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தால் ஒன்றை இழுத்துப் போட்டார். நெத்திலி மாதிரி காய்ந்திருந்தது. மூடி இல்லாத தொட்டி, தப்பிக்க வேறு வழியில்லாத மீன். தப்பு அந்த சிக்ஸ்லைன் மேல் இல்லை.

வரிசைதான் எல்லாம்

ராஸ்களுக்குள் அதிகாரம் உருவத்தால் மட்டும் வருவதில்லை. இடத்தில் முதலில் உட்கார்ந்தவருக்கு ஒரு கை ஓங்கியே இருக்கும். சின்ன மீன்கூடத் தன் இடத்தில் நின்று பெரிய மீனைத் துரத்தும். அதனால் சாதுவை முதலில் விட வேண்டும், முரடனைக் கடைசியில் விட வேண்டும். சாது வந்து, பாறை தெரிந்து, தூங்கும் இடம் பிடித்து, தின்னப் பழகிய பிறகு முரடன் வரட்டும். அப்போது அவன்தான் புது ஆள், கொஞ்ச நாளாவது அடங்கியிருப்பான்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இப்படி: பாசம் ராஸ் போன்ற கூச்ச சுபாவம் உள்ளவை முதலில், பிறகு ஃபிளாஷர், பிறகு ஃபேரி, அதற்குப் பிறகு மஞ்சள் ராஸ், மெலனூரஸ் மாதிரி ஹாலிக்கோரஸ். சிக்ஸ்லைன் வேண்டவே வேண்டும் என்று அடம்பிடித்தால் எல்லாருக்கும் கடைசியில், சிறிய குட்டியாக ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். தொட்டியின் பாக்டீரியாவுக்கும் அந்த அவகாசம் தேவை.

ஒரே இனத்தில் பல மீன் வைக்க நினைத்தால் இந்த இடைவெளிக் கணக்கு மாறிவிடும். அதைப் புரிந்துகொள்ள ராஸின் இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ராஸ்கள் பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு ஆணாக மாறக்கூடியவை. ஒரு கூட்டத்தில் ஓர் ஆண், அதன் கீழே வரிசைப்படி பெண்கள். ஆண் செத்தால் வரிசையில் அடுத்து நிற்கும் பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பக்கம் கிளீனர் ராஸ்களை வைத்து டி. ஆர். ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து 1972-இல் எழுதினார். ஆணை எடுத்துவிட்ட சில மணி நேரத்திலேயே மூத்த பெண் ஆணைப் போல நடக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரச் சுமாரில் விந்தும் உற்பத்தியாகிவிடுகிறது. ஆண் உயிரோடு இருந்து எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கும் வரை மற்றவை பெண்ணாகவே இருக்கும். அந்த மிரட்டல்தான் தடுப்பு.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. ஒரே இனத்தில் நிறம் முழுதாக ஏறிய இரண்டு ஆண்களை வீட்டுத் தொட்டியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஓர் ஆணும், அதைவிடத் தெளிவாகச் சின்னதான இரண்டு மூன்று பெண்களும் என்றால் பெரும்பாலும் சரிப்படும். ஆணை மட்டும் முதலில் விட்டு மாதங்கள் கழித்துப் பெண்களை விடுவதை விட, பெண்களை முன்னாலேயோ எல்லாரையும் ஒன்றாகவோ விடுவது நல்லது. ஆண் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம், குட்டியாக மூன்று பெண்களை வாங்கினால் பெரியது ஒன்று தானே ஆணாகும். மாறும்போது வாரத்துக்கு வாரம் நிறம் கூடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். என்னைக் கேட்டால் கடையில் முழு நிறத்தில் பளபளக்கும் பெரிய ஆணை வாங்குவதை விட இதில்தான் ருசி அதிகம்.

ஃபிளாஷர் ராஸுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பெண்கள் வேண்டும். ஆண் தன் முதுகுத் துடுப்பைச் சட்டென்று விரித்து, நிறத்தைப் பளிச்சென்று ஏற்றி, மின்னலாகச் சுற்றிக் காட்டும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். காட்ட ஆளில்லாமல் தனியாகக் கிடக்கும் ஆண், நாள் போகப்போக அந்த ஆட்டத்தையும் நிறத்தையும் குறைத்துக்கொள்ளும்.

சரி, வரிசைப்படி வாங்கிவிட்டோம். விடும்போது என்ன செய்வது? நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். துளை போட்ட ஒரு தெளிவான அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே ஓரமாகத் தொங்கவிட்டு, அதற்குள் புது மீனை மூன்று நான்கு நாள் வையுங்கள். பழைய மீன் வந்து பெட்டியை இடிக்கும், துடுப்பை விரித்துக் காட்டும், பிறகு அலுத்துப்போகும். அலுத்துப்போகவில்லை, நான்காம் நாளும் பெட்டியை விட்டு நகரவில்லை என்றால் அந்த ஜோடி சரிவராது. மீனுக்கு அடி விழுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசி வைப்பது புத்திசாலித்தனம். திறந்துவிடும் நாளில் விளக்கைக் குறைத்துவிட்டு, பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்ட பிறகு திறங்கள். தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் ஊர்த் தலைவர் அதோடு மோதிக்கொண்டிருப்பார், புது மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நாள் முழுக்க வைத்துவிடாதீர்கள், அதற்கும் களைப்பு வரும்.

தினமும் ஒருமுறை மட்டும் தீனி போடுகிற வீட்டில் ராஸ்கள் ஒற்றுமையாக இருக்காது. ஓயாமல் நீந்தும் மீன், வயிறு சீக்கிரம் காலியாகும். மைசிஸ் இறால், நறுக்கிய இறால், நல்ல குருணைத் தீனி என்று மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

காணாமல் போகும் மீன், மூடி, மின்சாரம்

மஞ்சள் ராஸை முதல்முறை வாங்கி விட்ட அன்று, அது நேராக மணலுக்குள் தலையைக் குத்தி மறைந்தது. அடுத்த நாள் இல்லை. மறுநாளும் இல்லை. "செத்துப்போய் நாறப்போகுது, தோண்டி எடு" என்றார் அம்மா. தோண்டக்கூடாது என்பது எனக்கு அப்போது தெரியும், ஆனால் கை அரித்தது. நான்காம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, ஒன்றும் நடக்காதது போல பாறை மேல் நீந்திக்கொண்டிருந்தது. மணலில் படுக்கும் வகைகள் பயந்தால் இப்படித்தான். ஒரு வாரம்கூட ஆகலாம். தோண்டினால் பயம் இன்னும் கூடும், உடம்பும் காயப்படும்.

இதில் ஒரு நேர வித்தியாசமும் உண்டு. இவற்றின் தூக்கமும் விழிப்பும் பழைய கடலின் சூரியனைப் பின்பற்றுபவை. நமக்குக் கிடைக்கும் மீன்கள் பாலியிலிருந்தோ மணிலாவிலிருந்தோ வந்தால் பிரச்சினை இல்லை, அந்த ஊர்க் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான். கென்யா கடலிலிருந்து வரும் ரேடியன்ட் ராஸ் என்றால் அந்த ஊர் நமக்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதுதான் அதற்குப் பொழுது விடியும். காலை முழுக்க மணலுக்குள் கிடக்கும், நம் விளக்கு அணைந்த பிறகு தூங்க இடம் தேடி இருட்டில் அலையும். சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

ஆக, மணல் வேண்டும். 5 செ.மீ. ஆழமாவது, மாவுக்கும் ரவைக்கும் நடுவிலான பொடி மணல். கூரான பவளத் துண்டுகள் கலந்தது வேண்டாம், புதையும்போது உடம்பைக் கீறிவிடும். புது மீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து நோய் பார்ப்பவர்கள், அடிமணல் இல்லாத அந்தத் தொட்டியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய மணல் வைத்தால் போதும். அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மூடியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ராஸ் குதிக்கும். துரத்தினால் குதிக்கும், வெளிச்சம் சட்டென்று அணைந்தால் குதிக்கும், காரணமே இல்லாமலும் குதிக்கும். கண்ணாடி மூடி போட்டால் சூடு உள்ளேயே நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு வலைதான் ஏற்றது. ஹார்ட்வேர் கடையில் ஜன்னல் வலைக்கு விற்கும் அலுமினியச் சட்டம் வாங்கி, 6 மி.மீ. கண்ணுள்ள தெளிவான வலையை அதில் இழுத்துக் கட்டினால் ஒரு சாயங்கால வேலை. குழாய் இறங்கும் மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுவிட்டு 'அதில் எப்படி நுழையும்' என்று நினைக்காதீர்கள். அந்த மூலையைத்தான் கண்டுபிடிக்கும்.

விளக்கு அணைவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் எங்கள் வரிசையில் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டில் ஆளில்லை என்றால் சாயங்காலம் வரை விழுந்தே கிடக்கும். பம்பு நின்றால் ஆக்சிஜன் குறையும், தண்ணீர் சூடாக இருந்தால் அதைவிட வேகமாகக் குறையும். மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துவிட்டுத்தான் ராஸ் வாங்கப் போக வேண்டும் என்பது என் கட்சி.

சூடு அடுத்த தலைவலி. இந்தப் பக்கக் கடலில் 28, 29 பாகைத் தண்ணீரிலேயே ராஸ்கள் வாழ்கின்றன, அதனால் அதுவரை பயமில்லை. நான் 27-இல் நிறுத்தப் பார்க்கிறேன். மூடிய வீட்டில் மத்தியானம் 31, 32 ஏறும்போதுதான் மீனும் பவளமும் திணறும். விசிறி வைத்தால் ஓரளவு இறங்கும், ஆனால் நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவுக்கு இறங்காது. விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்ற மறந்தால் ஒரு வாரத்தில் உப்பளவு எகிறிவிடும். வசதி இருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிவிடுங்கள். மின்கட்டணம் வரும்போது வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எடுத்துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பியின் ஏழு படங்கள்

அவன் தொட்டி 120க்கு 50க்கு 50 செ.மீ., கணக்குப்படி 300 லிட்டர். பாறையும் மணலும் போக அதைவிடக் குறைவு. ஏழு படத்தில் முதல் இரண்டைப் பார்த்ததுமே ஒதுக்கச் சொன்னேன்.

ஒன்று, ஆரஞ்சுச் சிவப்பில் கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளைத் திட்டுகளோடு 5 செ.மீ. குட்டி. கடையிலேயே அழகான மீன் அதுதான், தம்பிக்கு அதன் மேல்தான் கண். அது ரெட் கோரிஸ் குட்டி. வளர்ந்தால் அந்த நிறமும் இருக்காது, அந்த அளவும் இருக்காது. 40 செ.மீ. வரை போகும். பாறையைப் புரட்டும், இறால் நத்தை எதையும் விடாது. இன்னொன்று மூன் ராஸ். பச்சை உடம்பு, வாலில் மஞ்சள் பிறை. பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் கண்ணாடி முகமூடி போட்டு நீந்தியவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், காலைச் சுற்றிச் சுற்றி வரும். அது 25 செ.மீ. ஓட்டக்காரன். 4 அடிக்குள் அதை அடைத்தால் சின்ன மீன்களின் கதி அவ்வளவுதான். அதைப் பார்க்கத் தீவுக்குப் போகலாம். அங்கே பிடிக்கக் கூடாது, அவை கடல் பூங்காக்கள்.

மூன்றாவது லெப்பர்ட் ராஸ். முரடு இல்லை, பொருந்தாதது இல்லை, ஆனால் இப்போது வேண்டாம் என்றேன். மணலிலும் பாறையிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பொறுக்கித் தின்று பழகிய மீன். தொட்டி பழசாகி, அந்தப் பூச்சிகள் பெருகி, கண்ணாடி ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடுவது தெரியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் போகட்டும். புதுத் தொட்டியில் இது பட்டினியில் மெலிந்து சாவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

நான்காவது கிளீனர் ராஸ், மேலே ராபர்ட்சன் கதையில் வந்த அதே மீன். மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்வது அதன் தொழில். கடலில் ஒரு நாளைக்கு எத்தனையோ மீன்கள் அதனிடம் வரிசையில் வந்து நிற்கும். தம்பியின் இரண்டு கிளவுன் மீனில் அது என்ன சாப்பிடும்? இதையும் அடித்துவிட்டேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

மிச்சம் மூன்று: கார்பென்டர் ஃபிளாஷர், சோலோர் தீவின் பெயர் தாங்கிய ஓர் இந்தோனேசிய ஃபேரி ராஸ், அப்புறம் நம் சிக்ஸ்லைன். மஞ்சள் ராஸ் அவன் பட்டியலில் இல்லை, நான்தான் சேர்த்தேன். ஃபிளாஷரில் ஓர் ஆண், இரண்டு பெண், மூன்றும் ஒரே நாளில். மூன்று வாரம் கழித்து ஃபேரி, தனியாக. அடுத்த மாதம் மஞ்சள் ராஸ். மேல் தண்ணீருக்கு நால்வர், மணலுக்கு ஒருவர். பாறைக்கு ஆசைப்பட்டால் ஒரு பாசம் ராஸ், அதை மட்டும் எல்லாருக்கும் முன்னால் விட வேண்டும்.

கடையில் பாசம் ராஸ் வரவில்லை. ஃபிளாஷர் மூன்றும் போன மாதம் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டன. ஆண் மாலை ஆறு மணி வாக்கில், விளக்கு மங்கத் தொடங்கும்போது, ஆட்டம் போடுகிறது; தம்பி வீட்டுப் பாட்டி அதற்காகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். ஃபேரி வாங்க இந்த வாரம் ஈப்போவுக்குப் போகிறோம். நேற்று சாயங்காலம் மூடி வலையை இழுத்துக் கட்ட உதவப் போனபோது, திருகாணியை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான், "அண்ணே, எல்லாம் விட்டு முடிச்சதும் கடைசியா அந்த சிக்ஸ்லைன் ஒண்ணு…"

அதற்குத் தனியாக ஒரு 2 அடித் தொட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.